பஸ்ராக்காரரும் ஊர்ச்சாவடிக் கல்லும்

கோபப்படுவதில் பஸ்ராக்காரரை மிஞ்சிய மனிதர் தாமிரபரணி பாயும் சீமையில் இதுவரை பிறக்கவில்லை. இனிமேல் பிறந்தாலும் அந்த உயரத்துக்கு வளரமாட்டார். மலையடிவாரத்திலிருந்து ஆறு கடலில் விழுகிற இடம் வரைக்கும் ஊர் ஊராக வாத்தியார் வேலை பார்த்தவன் நான், தெரிந்துதான் சொல்கிறேன். மற்றவர்களுக்குக் கோபம் வரும், போகும். அவர் காலையில் வேட்டி கட்டும்போதே அதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வெளியே வருவார்.

ஊர் முள்ளங்குறிச்சி. பத்தமடையிலிருந்து ஆற்றோரமாக மாட்டு வண்டியில் ஒரு மணி நேரப் பாதை. பாளையங்கோட்டையில் பரீட்சை தேறின கையோடு என்னை மிஷன்காரர்கள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஜெர்மன் சண்டை உச்சத்தில் இருந்த சமயம். சண்டை ஓய்ந்தபின் பட்டாளத்துக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அப்படித் திரும்பியவர்தான் இவர். பஸ்ரா பக்கத்துப் பாலைவனத்தில் மூன்று வருஷம் பட்டாளத்துக்குக் கோவேறு கழுதை ஓட்டியவர். சொந்தப் பெயர் என்னவென்று பட்டாளத்துக் காகிதத்தைக் கேட்டால்தான் தெரியும். ஊருக்கு அவர் பஸ்ராக்காரர்.

மூன்று வருஷம் அந்தப் பிராணிகளோடேயே தின்று தூங்கியதில் மனிதர்களையும் அவர் அதே கண்ணால் பார்க்கப் பழகியிருந்தார். யார் முதுகுக்குப் பின்னாலும் சத்தமில்லாமல் வரமாட்டார். கோவேறு கழுதை திடுக்கிட்டால் உதைத்துவிடுமாம். அதனால் பத்தடி தூரத்திலிருந்தே, "பின்னால வாரேன்! பின்னால வாரேன்!" என்று குரல் கொடுப்பார். கோயிலில் கண்மூடிக் கும்பிடுகிறவர்கள் சாமியை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, அவன் முதுகுப் பக்கம் போய்க் குரல் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை தாலியோடு எழுந்து நின்றவன், மறுபடி உட்கார்வதற்குள் முகூர்த்தம் தப்பிவிடுமோ என்று எல்லோரும் பயந்துவிட்டோம்.

ஒருவரைப் பிடித்துப்போனால், "நல்ல கோவேறுவே அவன், சொமப்பான்," என்பார். பிடிக்காவிட்டால், "குதிரை." அதற்குமேல் அவரிடம் வசவு கிடையாது. "குதிரைக்குப் பயம் வந்தா ஓடிப்போயிரும்வே. பாக்கதுக்குத்தான் அளகு."

ஒரு ஐப்பசி மாதம், ஆறு இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு போகிறது. படித்துறையில் நின்று பஸ்ராக்காரர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பார்த்தேன், ஆளில்லை. ஆற்றைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

"இம்புட்டுத் தண்ணிய வச்சுக்கிட்டு சும்மா கடலுக்குப் போயிக்கிட்டிருக்கியே, வெக்கமா இல்ல ஒனக்கு? அங்கன ஒரு செரட்டைத் தண்ணிக்கு நாலு பேரு அடிச்சுக்கிட்டான். எங் கழுதை நாக்கு தள்ளிச் செத்துது. நீ இங்கன சொகுசாப் போறே!"

"ஆறு என்ன அண்ணாச்சி செய்யும்?" என்றேன்.

"ஒண்ணும் செய்யாண்டாம். கேட்டுக்கிட்டே போகட்டும்."

இப்படிப்பட்ட மனிதருக்கு ஊர் சேர்ந்து மரியாதை செய்யப் புறப்பட்டால் என்ன ஆகும்? அதைத்தான் சொல்லவந்தேன்.

சண்டை முடிந்த மறு வருஷம் தாலுகா கச்சேரியிலிருந்து உத்தரவு வந்தது. யுத்தத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் ஒரு கல் பதிக்கவேண்டும். போனவர் எத்தனை, திரும்பியவர் எத்தனை என்று அதில் வெட்டவேண்டும். தாசில்தார் நேரில் வந்து கல்லைத் திறந்துவைத்து, போய் வந்தவர்களுக்கு மாலை போடுவார். ஊரே தடபுடலாகிவிட்டது. வாழைமரம், தோரணம், நாயனம் எல்லாம் ஏற்பாடாயிற்று. டவுணிலிருந்து அல்வாவுக்குச் சொல்லியாயிற்று.

கிராம முன்சீப் என்னைச் சாவடிக்குக் கூப்பிட்டனுப்பினார். என் கையெழுத்து அச்சடித்தாற்போல இருக்கும். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. கல்தச்சனுக்குக் கொடுக்கவேண்டிய வாசகத்தை அவர் சொல்ல, நான் எழுதவேண்டும்.

"எழுதும் வாத்தியாரே. போனவர் ஐவர். திரும்பியவர் ஐவர்."

என் பேனா நின்றுவிட்டது.

சுடலைமுத்து என்று ஒருவன் இருந்தான். அந்த ஊர் வண்ணார் குடும்பம். பட்டாளத்துக்குத் துணி வெளுக்க ஆள் சேர்த்தபோது போனவன், திரும்பி வரவில்லை. ஒருநாள் அவன் மனைவி இசக்கி கையில் ஒரு சர்க்கார் கடிதத்தோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கடிதம் இங்கிலீஷில் இருந்தது. படித்து அர்த்தம் சொன்னவன் நான். கேட்டுவிட்டு அவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவள், பள்ளிக்கூடம் விடுகிறவரை எழுந்திருக்கவில்லை.

"சுடலைமுத்துவும் போனானே ஐயா," என்றேன். "அவன் திரும்பலையே."

"அவன் வெள்ளாவி வைக்கப் போனாம்வே. வெள்ளாவி வைக்கது யுத்தமா? வண்ணானைக் கல்லுல ஏத்தினா நாளைக்கு எவனெவன் வந்து நிப்பானோ!"

"அப்படின்னா, போனவங்க நாலு பேர்தானே வருது?"

"எம் மச்சினனை விட்டுட்டேரே!"

முன்சீப்பின் மச்சினர் பட்டாளத்தில் சேர்ந்தது உண்மைதான். பெங்களூர் போய் இறங்கிய நாலாம் நாள் அவருக்குப் பொன்னுக்கு வீங்கி கண்டது. கன்னம் இரண்டும் பூசணியாகி, இது பட்டாளத்துக்கு ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடலை அவர் பார்த்ததில்லை. ஜெர்மன்காரனைப் பார்த்ததில்லை. துப்பாக்கியைக்கூட எட்ட நின்று பார்த்ததோடு சரி. ஆனால் ஊரில் சண்டைக் கதை சொல்வது அவர் ஒருவர்தான். பஸ்ராக்காரர் போக, நிஜமாகவே துப்பாக்கி பிடித்துத் திரும்பிய மூன்று பேரும் கேட்டால்கூட வாயைத் திறக்கமாட்டார்கள்.

"எழுதும்வே," என்றார் முன்சீப்.

எழுதினேன். பள்ளிக்கூடம் இருந்த மனை முன்சீப் தயவில் கிடைத்தது, நான் ஊருக்குப் புதியவன் என்றெல்லாம் இப்போது காரணம் சொல்லலாம். சொல்லப்போவதில்லை. எழுதினேன், அதையும் அழகாக எழுதினேன்.

அக்கிரமம் அதோடு நிற்கவில்லை. ஆற்றுப் பாதை முனையிலிருந்து சாவடி வரைக்கும் தாசில்தாரும் ஐந்து வீரர்களும் நடந்துவர, தெருவில் வெள்ளைத் துணி விரிக்கவேண்டும் என்று இசக்கிக்கு உத்தரவு போயிற்று. ஊர் விசேஷத்துக்கு நடைபாவாடை விரிப்பது அவள் வீட்டு முறைவேலையாம். அவள் புருஷன் செத்ததற்குக் கல்லில் இடமில்லை. அவள் வெளுத்த துணிக்குத் தெருவில் இடமிருந்தது.

விழாவுக்கு முதல் நாள் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். "பின்னால வாரேன்!" என்று கேட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். பஸ்ராக்காரர் நேரே என் மேஜைக்கு வந்தார்.

"கல்லுல என்னவே எழுதியிருக்கு? எனக்கு எழுத்து தெரியாது. சொல்லும்."

சொன்னேன். முதல் தடவையாக அவர் கத்தவில்லை. என் மைக்கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அத எழுதினது யாரு?"

"நான்தான்."

"இசக்கிக்குக் காயிதம் படிச்சுச் சொன்னது?"

"அதுவும் நான்தான்."

"குதிரை," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டு, மீசையை முறுக்கிவிட்டு, எல்லோருக்கும் முந்தி வந்து நின்றார். நாயனம் கிளம்பிற்று. முதலில் மச்சினர், தலையில் புது உருமாலோடு. அடுத்து பஸ்ராக்காரர். அவருக்குப் பின் துப்பாக்கி பிடித்த மூன்று பேர். அவர்களுக்குப் பின்னால் தாசில்தாரும் முன்சீப்பும், பிறகு ஊர்.

மச்சினர் துணிமேல் கால் வைத்து நடந்தார். பஸ்ராக்காரர் துணியின் விளிம்பு வரை வந்து, நின்றார்.

நாயனம் தன்பாட்டுக்கு முன்னால் போய்விட்டது. பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டினார்கள். தாசில்தாரின் பூட்ஸை முன்சீப் மிதித்தார்.

"நடவும்வே!" என்று முன்சீப் கத்தினார்.

"மாட்டேன்."

"ஏம்?"

"இது யாரு வெளுத்த துணி?"

"இசக்கி வெளுத்தது. அதுக்கென்ன இப்ப?"

"அவ புருசன் எங்க?"

தாசில்தார் நல்ல பசியில் இருந்தார் போலிருக்கிறது. "என்னய்யா கலாட்டா?" என்றார்.

பஸ்ராக்காரர் அவர் பக்கம் திரும்பி ஒரு சலாம் வைத்தார். அதற்குப் பிறகு அவர் பேசியதை ஆற்றின் அக்கரையில் மாடு மேய்த்தவர்களும் கேட்டதாகச் சொன்னார்கள்.

"தொரைகளே! பஸ்ரா ஆசுபத்திரிக் கொட்டாயில நான் வாந்திபேதியில கெடந்தேன். பக்கத்துல படுத்தவம்லாம் போயிட்டான். ஒரு நா வெளிய எவனோ, 'ஏலே, அந்தத் துப்பட்டிய இங்கன போடுலே'ங்கான். மண்ணும் வெயிலுமாக் கெடக்கிற ஊருல நம்ம பேச்சு! யாருன்னு பாத்தா சுடலைமுத்து. பேதிக்காரன் துணிய எவனும் தொடமாட்டான். அவன் தொட்டான். எந் துப்பட்டிய தெனமும் வெளுத்துக் கொண்டாந்து எம்மேல போத்தினான். நான் எந்திச்சேன். அவன் படுத்தான். அதே சீக்கு. மூணே நா. அவன் யுத்தத்துல சாகலியாம்! இந்தா போறாரே உருமாக்கட்டு, இவரு பெங்களூருல கன்னம் வீங்கிப் படுத்தாரே, அது எந்த யுத்தம்? எந்த ஜெர்மங்காரன் வந்து வீங்க வச்சான்?"

கூட்டத்தில் ஒரு கிழவர் சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை. துப்பாக்கி பிடித்த மூன்று பேரும் பாதையிலிருந்து விலகி, பஸ்ராக்காரர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்கள். துணியின்மேல் நின்றது மச்சினர் ஒருவர்தான்.

அப்போது இசக்கி வந்தாள். தெருவின் மறுமுனையிலிருந்து துணியைச் சுருட்டத் தொடங்கி, சுருட்டிக்கொண்டே வந்து மச்சினரின் காலடியில் நின்றாள்.

"ஐயா, கொஞ்சம் எறங்குங்க. துணி மடிக்கணும்."

அவர் இறங்கினார்.

அதற்காகத் தாசில்தார் மனம் இளகிக் கண்ணீர் விட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் விடவில்லை. "பட்டியல் கிராமத்திலிருந்து வந்தது. அதில் உள்ளதுதான் கணக்கு. இது சர்க்கார் கல். எவனாவது கைவைத்தால் ஜெயில்தான்," என்று சொல்லிவிட்டுக் கல்லைத் திறந்தார். நான்கு பேர் மாலை வேண்டாம் என்று நின்றதால் ஐந்து மாலையும் மச்சினர் கழுத்துக்கே வந்தன. அதற்குள்ளிருந்து அவருடைய உருமால் மட்டும் தெரிந்தது. அல்வாவை ஊரில் யாரும் மறுக்கவில்லை என்பதையும் உண்மைக்காகச் சொல்லவேண்டும். பஸ்ராக்காரர் ஒருவர்தான் அதையும் மறுத்தார்.

அன்று சாயங்காலம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். "என்ன எழுதணும்னு சொல்லுங்க அண்ணாச்சி, எழுதுதேன்," என்றேன். அவர் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பாயைத் தட்டிப் போட்டார்.

மனு எழுதினோம். அவர் சொல்லும் வசவுகளை நான் மனு நடைக்கு மாற்றுவேன். படித்துக் காட்டச் சொல்வார்.

"'மகாகனம் பொருந்திய'ன்னு என்னமோ படிச்சேரே, யாரு அது?"

"தாசில்தார்தான்."

"எடும்வே அத!"

மூன்று மனு போயிற்று. கிராமத்துப் பட்டியலே முடிவானது என்று மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது. கல்லில் இல்லாவிட்டால் என்ன, வண்ணார்துறையில் துவைக்கிற கல்லில் அவன் பெயரை வெட்டிவிடலாமே என்று ஊரில் சிலர் நல்ல எண்ணத்தோடு சொன்னார்கள். பஸ்ராக்காரர் அவர்களைத் துரத்திக்கொண்டு பாதித் தெரு ஓடினார். "ஊருக்குள்ள வைக்கமாட்டீரு, ஆத்துல கொண்டு வப்பீராக்கும்!"

ஒருநாள் சாவடிக்கு முன்னால் நின்று, "மறுபடி படியும்," என்றார்.

"போனவர் ஐவர். திரும்பியவர் ஐவர்."

விரலை மடக்கினார். "நாங்க நாலு பேரு. சுடலைமுத்து அஞ்சு. போனவர் ஐவர். அது சரியாத்தானவே இருக்கு?"

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. மச்சினரை எடுத்துவிட்டு சுடலைமுத்துவை வைத்தால் முதல் வரியில் கைவைக்கவே வேண்டாம். இரண்டாவது வரியில் ஒரே ஒரு எழுத்தை எடுக்கவேண்டும். ஐவர், நால்வர் ஆகவேண்டும்.

மறுநாள் உச்சிவெயிலில், ஊர் முழுக்கப் பார்த்திருக்க, பஸ்ராக்காரர் உளியும் சுத்தியலுமாக வந்து சாவடிக்கு முன் உட்கார்ந்தார். துப்பாக்கி பிடித்த மூன்று பேரும் காக்கிச் சட்டையோடு வந்து சுற்றி நின்றார்கள். முன்சீப் தலையாரியைப் பார்த்து, "புடிலே அவனை!" என்றார். தலையாரி மூன்று பேரையும் பார்த்தான். "எனக்கு வயித்துவலி எசமான்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

'ஐ'யைக் கொத்தி எடுத்துவிட்டு, பஸ்ராக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பள்ளிக்கூடத்து அடுப்பிலிருந்து கொண்டுபோயிருந்த கரித்துண்டால் அந்தக் குழியில் 'நால்' என்று எழுதினேன்.

"எழுத்து கோணுதே," என்றார்.

"பயமா இருக்கு அண்ணாச்சி."

"இருக்கட்டும். இன்னொருக்க எழுதும்."

கரிக்கோட்டின்மேலேயே அவர் உளியை ஓட்டினார். ஓர் எழுத்து இருந்த இடத்தில் இரண்டு எழுத்து. கூட்ட நெரிசலில் அகப்பட்டவர்களைப் போல அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. இசக்கி துணி மூட்டையோடு வந்து பார்த்தாள்.

"என்ன போட்டிருக்கு வாத்தியாரய்யா?"

"போனவர் ஐவர். திரும்பியவர் நால்வர்."

அவள் மூட்டையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். "ஒரு ஆளு வரலன்னு சொல்லதுக்கு இந்த ஊருக்கு இம்புட்டு நாளாச்சாக்கும்," என்றாள்.

"கேளு தாயி! நல்லாக் கேளு!" என்று பஸ்ராக்காரர் உளியோடு துள்ளி எழுந்தார். இன்னொருத்தருக்குக் கோபம் வந்ததில் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

முன்சீப் புகார் எழுதினார். தாசில்தார் கொதிக்கக் கொதிக்க வந்து இறங்கினார். "யார் செய்தது?"

"நான் கொத்தினேன்," என்றார் பஸ்ராக்காரர்.

"எழுதினது நான்," என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"இரண்டு பேரும் கம்பி எண்ணத்தான் போகிறீர்கள். அதற்கு முன்னால் நான் ரிப்போர்ட் எழுதவேண்டும். பட்டாளத்துக்குப் போனவர்கள் அவரவர் காகிதத்தைக் கொண்டுவாருங்கள்."

நான்கு காகிதம் வந்தது. மச்சினர் வெறுங்கையோடு நின்றார்.

"எங்க வீட்டுல கரையான் அரிச்சுட்டுது," என்றார்.

"பரவாயில்லை. பெங்களூருக்கு எழுதிக் கேட்டுவிடலாம்."

"வேண்டாங்க!" என்று முன்சீப் அலறினார். அலறின வேகத்தில் தாசில்தாருக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது.

அப்போது இசக்கி முந்தானையிலிருந்து அந்த இங்கிலீஷ் கடிதத்தை எடுத்து நீட்டினாள். மடித்து மடித்து வைத்ததில் நான்கு துண்டாகப் போகிற நிலையில் இருந்தது. தாசில்தார் அதை இரண்டு தடவை படித்தார். நான்கு காகிதத்தையும் கடிதத்தையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார். கல்லைப் பார்த்தார்.

"போனது அஞ்சு. திரும்பினது நாலு. கல்லு சரியாத்தானேய்யா இருக்கு? பின்னே எதுக்கு என்னை இந்த வெயிலில் வண்டி பூட்டவைத்தீர்?" என்று முன்சீப்பைக் கேட்டுவிட்டு, அந்தக் கடிதத்தை மட்டும் பத்திரமாக மடித்து இசக்கியிடம் கொடுத்தார்.

வண்டி கிளம்பியதும் பஸ்ராக்காரர் ஆரம்பித்துவிட்டார். "அந்தப் புள்ளைட்ட ஒரு வார்த்தை தப்புன்னு சொன்னாரா பாத்தேரா? காயிதத்தை மடிச்சுக் குடுத்தா ஆச்சா? எழுதும்வே இன்னொரு மனு!"

இரண்டு வருஷம் கழித்து எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாயிற்று. என் சாமான்களை ஏற்ற வந்த வண்டிக்காரனைத் தள்ளிவிட்டு, கட்டிய கயிற்றையெல்லாம் அவிழ்த்துத் தம் கையால் மறுபடி கட்டினார். வண்டிக்காரனைத் திட்டினார். மாற்றல் போட்ட மிஷனைத் திட்டினார். வழிக்குச் சோறு கட்டிக்கொள்ளாததற்கு என்னைத் திட்டினார். திட்டிக்கொண்டே வண்டியோடு பெரிய ரஸ்தா வரைக்கும் நடந்து வந்தார். வண்டி திரும்பிய பிறகும் கொஞ்ச தூரத்துக்கு அவர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்கிறவரைக்கும் வண்டிக்காரனை மாட்டை அதட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.